வாயைக் கட்டச் சொல்லாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயைப் பற்றியவை. மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பயம், வெட்கம், வீட்டுச் சண்டை, தூக்கமில்லாத இரவு, இவற்றைத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். அதில் கடைசி 14 ஆண்டுகள் சர்க்கரை நோய்ப் புறநோயாளிகள் பிரிவில். 2004 முதல் எனக்கும் சர்க்கரை இருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. அதில் நான் கை வைக்க மாட்டேன். மற்றதைப் பேசலாம்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 52. ஐந்து வருடமாகச் சர்க்கரை. நான் எதை எடுத்தாலும் கணவரும் மகனும் என் தட்டைப் பார்க்கிறார்கள். 'வாயைக் கட்டு' என்பதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே அரை வயிறுதான் சாப்பிடுவேன். போன முறை வெறும் வயிற்றில் 118 இருந்தது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை 9.4 என்று வந்துவிட்டது. 'பொய் சொல்கிறீர்கள்' என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான்கு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு விளக்குப் போடாமல் அடுக்களையில் நின்று வெல்லமோ முறுக்கோ சாப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். நான் ஏன் இப்படி ஆனேன்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விளக்குப் போடாமல் நிற்பதை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, அதிலுள்ள ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் மூன்று மாதச் சர்க்கரை காட்டுகிறது. 9.4 என்றால் உங்கள் சர்க்கரை சராசரியாக 220-ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். மூன்று நாள் அரை வயிறு இருந்தால் 118 வந்துவிடும். மூன்று மாதக் கணக்கு அதற்கு அசையாது. இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். மாதவிடாய் நிற்கும் வயதில் ரத்தப்போக்கு அதிகமாகிச் சோகை பிடித்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்குவது ஆபத்து. சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழலாம். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பொய்யைப் பற்றி. எங்கள் பிரிவில் செவ்வாயும் வெள்ளியும் சர்க்கரை நாள். காலை ஆறரைக்கே வரிசை நின்றுவிடும். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடத் துணிப்பையில் இட்லி டப்பா வைத்திருப்பார்கள். வீட்டில் பார்த்த அளவுகளை எழுதிவரும் நோட்டுகளை நான்தான் வாங்குவேன். 30 நாள் அளவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 110, 115, 112 என்று இருக்கும். அன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். முதல் இரண்டு வருடம் நானும் திட்டினேன். திட்டு வாங்கியவர்கள் அடுத்த மாதம் இன்னும் அழகான எண்களோடு வந்தார்கள், அல்லது வராமலே போனார்கள்.

என் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. நான் அவரிடம் ஓயாமல் சொன்ன வார்த்தையும் இதுதான்: வாயைக் கட்டு. ஒரு நாள் கொல்லையில் கருவேல முள் குத்தி அவருடைய கால் பெருவிரலில் புண் வந்தது. 19 நாள் அதைப் புடவைக் கரைக்குள் மறைத்துக்கொண்டே நடந்தார். ஒரே வீட்டில், செவிலியராக வேலை பார்க்கும் மகளிடமிருந்து. நாற்றம் வந்துதான் எனக்குத் தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. 'சொன்னால் திட்டுவாயே' என்றார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நோயாளிகள் கொண்டுவரும் நோட்டைத் திறக்கும்போது, 'இதில் 250-க்கு மேல் இருக்கிற நாளை முதலில் காட்டுங்கள், அதைத்தான் நாம் பேச வேண்டும்' என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் நோட்டுகளில் இரண்டு மூன்று நிற மை வர ஆரம்பித்தது.

நீங்கள் 'ஏன் இப்படி ஆனேன்' என்று கேட்கிறீர்கள். உங்கள் பகல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மதியம் கண்காணிப்புக்குப் பயந்து ஒரு கரண்டிச் சோறு. மாலையில் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஒன்பதரைக்கு இரண்டு சப்பாத்தி, அதுவும் பார்வைக்கு நடுவே. அப்படிப் பட்டினி கிடந்த உடம்பு இரவு 11 மணிக்கு வெல்லத்தைத் தேடுகிறது. அது பசி. அதோடு மனப் பதற்றம் வேறு. பதறும்போது உடம்பில் கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன; கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அப்படியானால் வீட்டாரின் திட்டும் உங்கள் சர்க்கரையை ஏற்றுகிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உடம்பு இயங்கும் விதமே அதுதான்.

இந்த நோயோடு வாழ்வதால் மட்டுமே வரும் மனச்சோர்வு ஒன்று இருக்கிறது. நான் அதைச் சர்க்கரைச் சலிப்பு என்று சொல்வேன். வில்லியம் பொலான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 1995-இல் இதை அளக்கக் கேள்விப் படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். சாப்பாட்டைப் பற்றியே எந்நேரமும் நினைப்பது, கட்டுப்பாடு தவறினால் குற்றவுணர்ச்சி, வீட்டார் துணையாக இல்லை என்ற எண்ணம், இந்தப் பராமரிப்பே போதும் போதுமென்று ஆகிவிடுவது — எல்லாம் அதில் உண்டு. அறியாத ஊரில் 30 ஆண்டுகளுக்கு முன் யாரோ தயாரித்த படிவத்தில் உங்கள் அடுக்களை இருக்கிறது என்றால், இது உங்கள் ஒருவருடைய குணக்கேடாக இருக்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன? மாலை ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு மோர். எல்லோரும் பார்க்கும் இடத்தில், விளக்கு வெளிச்சத்தில், உட்கார்ந்து. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள். பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை மாற்றி, அவர்களோடு உட்காருங்கள். முறுக்குச் சாப்பிடத் தோன்றினால் பகலில், சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று சாப்பிடுங்கள். ஒளிந்து சாப்பிடும்போது ஒன்றோடு நிற்பதில்லை என்பதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் அளவு பாருங்கள். ஸ்டிரிப் விலைக்கு அது போதும். முன்னது 130-க்குள், பின்னது 180-க்குள் இருந்தால் நல்லது. கூடினால் அன்று தட்டில் என்ன இருந்தது, மனம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அன்பினால்தான் சொல்கிறீர்கள்; நானும் அன்பினால்தான் என் அம்மாவிடம் சொன்னேன். தட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மாலையில் அவரோடு அரை மணி நேரம் நடக்கப் போங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல் வையுங்கள். சர்க்கரைக்காரருக்கு ஆகும் சாப்பாடு உங்களுக்கும் ஆகும்.

டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உள்ளே போனவுடன் இதைச் சொல்லுங்கள்: 'போன முறை பயந்துகொண்டு சாப்பிடாமல் வந்தேன். இனி உள்ளபடி சொல்கிறேன். எனக்கு உதவி வேண்டும்.' அதற்கும் திட்டினால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். அதில் துரோகம் ஒன்றுமில்லை.

கேள்வி: அக்கா, நான் பஸ் கண்டக்டர். வயது 44. போன ஆவணியில் மதியச் சாப்பாடு தவறிப்போன ஒரு டிரிப்பில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, படிக்கட்டிலேயே சரிந்துவிட்டேன். குடித்திருக்கிறான் என்று பயணிகள் சத்தம் போட்டார்கள். அந்த அவமானம் இன்னும் போகவில்லை. இப்போது மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் பன்னும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டுவிடுகிறேன். 280 இருக்கிறது. இருந்தாலும் பரவாயில்லை, விழக்கூடாது. 140 வந்தாலே நடுக்கம் வருகிறது. நான் செய்வது சரிதானே?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, பயப்பட்டது சரி. பயத்துக்குக் கண்டுபிடித்த வழி சரியில்லை. 280-இல் மாதக்கணக்காக இருந்தால் கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் சத்தமில்லாமல் கெடும். பஸ்ஸில் நாள் முழுவதும் நின்று பிழைக்கும் உங்களுக்குக் கால்தான் முதல்.

140-இல் நடுக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பல மாதம் 280-இல் இருந்து பழகிய உடம்புக்கு 140 என்பதே பள்ளமாகத் தெரிகிறது. உண்மையான தாழ்வு 70-க்குக் கீழே. எனவே நடுக்கம் வந்தவுடன், முடிந்தால் மீட்டரில் பாருங்கள். 140 என்று காட்டினால் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், சர்க்கரை வேண்டாம். அளவை மெல்ல மெல்ல இறக்கினால் சில வாரங்களில் உடம்பு பழைய நிலைக்குப் பழகிவிடும். மீட்டர் கையில் இல்லாதபோது சந்தேகம் வந்தால் தாழ்வு என்றே வைத்துக்கொண்டு இனிப்பை எடுங்கள்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ்: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு பிஸ்கட்டோ இட்லியோ ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாகத்தான் விடும். டிக்கெட் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மாத்திரையை நீங்களாக உடைக்காதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு தவறினாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெட்பார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், 'எனக்குச் சாப்பாட்டு நேரம் என் கையில் இல்லை, படியில் விழுந்துவிட்டேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தாழ்வு வரும் வாய்ப்புக் குறைந்த மருந்துகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டால் அதையும் காட்டுங்கள். சில வகைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வைதான் அப்போது முக்கிய எச்சரிக்கை.

அந்த அவமானத்தைப் பற்றி. சர்க்கரை தாழ்ந்தால் மூளைக்கு எரிபொருள் போதாமல் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். குடித்தவர் போலத்தான் இருக்கும். பயணிகளுக்கு அது தெரியாது. ஓட்டுநரிடமும் டிப்போவில் இரண்டு பேரிடமும் சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் ஒரு அட்டை: 'எனக்குச் சர்க்கரை நோய். தடுமாறினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.' நான் இதைத் தட்டச்சு செய்து எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டை பையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே சர்க்கரையை உயர்த்தி வைக்கும் பழக்கத்தை விட்டவர்கள் உண்டு.

கேள்வி: கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாதாமே?
— வாசகி, தருமபுரி

பதில்: ஏறும். மாவைக் கரைத்துக் காய்ச்சி நீராகக் குடிப்பது சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாக, அல்லது சிறு உருண்டைக் களியாகக் கீரைக் குழம்போடு சாப்பிட்டால் நிதானமாக ஏறும். ஒரு முறை கூழ், ஒரு முறை அடை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். உங்கள் உடம்பின் பதிலைவிட என் பதில் பெரிதில்லை.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் எடை குறைந்து, தண்ணீராகக் குடித்து, மூச்சு வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். முதல் வகைச் சர்க்கரை என்றார்கள். தினமும் நான்கு ஊசி. நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஜிலேபி சாப்பிட்டதால்தான் வந்தது என்கிறார் மாமியார். 'வெளியே சொன்னால் நாளை யார் கட்டிக்கொள்வார்கள்' என்று பள்ளியிலும் சொல்லவிடவில்லை. குழந்தை நேற்று, 'அம்மா, நான் என்ன தப்புச் செய்தேன், தினமும் குத்துகிறாய்?' என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
— வாசகி, நாமக்கல்

பதில்: தங்கை, நீங்கள் சாப்பிட்ட ஜிலேபிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. குழந்தை சாப்பிட்ட மிட்டாய்க்கும் கிடையாது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் அணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களையே எதிரி என்று தாக்கி அழித்துவிடுகின்றன. அது ஏன் ஒரு குழந்தைக்கு நேர்கிறது, அடுத்த குழந்தைக்கு நேரவில்லை என்பதற்கு எந்தத் தாயும் பொறுப்பில்லை. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பெரியவரிடம் குரல் உயர்த்த வேண்டாம். ஆனால் குழந்தை இருக்கும்போது ஜிலேபிக் கதை பேசக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். கனடாவில் டொராண்டோ என்ற ஊரில் லியோனார்ட் தாம்சன் என்று ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்கும் இதே நோய். அப்போது இதற்கு மருந்தே கிடையாது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, குழந்தைகள் எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடப்பார்கள். 14 வயதில் அவன் எடை 30 கிலோகூட இல்லை. 1921-இல் பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் என்ற இரண்டு பேர் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இன்சுலினைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்து மறுபடி போட்டபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பாண்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் தேதியைத்தான் உலகம் நீரிழிவு நாளாக வைத்திருக்கிறது. நம் ஊரில் அது குழந்தைகள் தினமும்கூட. இதை அவளிடம் சொன்னால் மிகவும் பிடிக்கும். எங்கள் பிரிவுக்கு வந்த குழந்தைகளுக்குப் பிடித்தது.

'தப்புச் செய்தால்தான் ஊசி' என்று நாமே குழந்தைகளைப் பயமுறுத்தி வளர்க்கிறோம். அவள் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. 'உன் உடம்பில் ஒரு சாவி தொலைந்துவிட்டது. சாப்பாடு உள்ளே போகக் கதவைத் திறக்க அந்தச் சாவி வேண்டும். அதைத்தான் வெளியிலிருந்து தருகிறேன்' என்று சொல்லுங்கள். இன்று தொடையா, வயிறா என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. இடம் மாற்றத்தான் வேண்டும். அந்தத் தீர்மானம் அவளுடையதாக இருக்கட்டும். குத்தும்போது அழுதால் அழட்டும். 'தைரியமான பெண் அழமாட்டாள்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பள்ளியில் மறைப்பது உயிர் விஷயம். வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் எப்போது கேட்டாலும் விட வேண்டும், முகம் வெளுத்து, வியர்த்து, திடீரென்று எரிச்சல்பட்டால் மேசையில் இருக்கும் குளுக்கோஸைக் கொடுக்க வேண்டும், விளையாட்டு வகுப்புக்கு முன் ஏதாவது தின்பண்டம் சாப்பிட விட வேண்டும். தோழிகள் பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால் அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அதற்கேற்ற இன்சுலின் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். பத்து வயதுக் குழந்தைகள் அதைக் கணக்குப் போட நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணப் பேச்சு ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டில் எதற்கு? எங்களிடம் பாவாடை சட்டையில் வந்து ஊசி போடக் கற்றுக்கொண்ட ஒரு பெண், பல வருடம் கழித்துத் தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள். மாமியாரிடம் அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் தூங்குகிறீர்களா? கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அளவு பார்ப்பதைக் கணவரும் வாரத்தில் மூன்று நாள் செய்யட்டும். ஊசி போடும் கை வீட்டில் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன். 22 வருடமாகச் சர்க்கரை. தை மாதம் மனைவி காலமானாள். காலை மாத்திரையை ஒரு எவர்சில்வர் மூடியில் எடுத்துக் காபியோடு வைப்பாள். இப்போது மாத்திரை போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். சமைக்கப் பிடிக்கவில்லை, சில நாள் ரொட்டி, சில நாள் ஒன்றுமில்லை. 320 இருக்கிறது. புத்தகம் எடுத்தால் ஒரு பக்கம் ஓடுவதில்லை. அவள் போன இடத்துக்கே போய்விடலாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது. உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள்.
— வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, இதில் தொந்தரவு ஏதும் இல்லை. உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியைத்தான் முதலில் பேச வேண்டும். அப்படித் தோன்றும் இரவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நாளையே பக்கத்து வீட்டாரில் ஒருவரிடமும் பிள்ளைகளிடமும் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கலங்க வைக்கக் கூடாது என்று நினைப்பீர்கள். தெரியாமல் இருப்பதுதான் அவர்களை அதிகம் கலங்க வைக்கும்.

துக்கத்துக்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே இருக்கிறதா, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லையா என்று மருத்துவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் கடிதம் 'ஆம்' என்கிறது. தமிழாசிரியரால் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதற்கு மருத்துவம் இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் சிகிச்சை மையங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2020-இல் முடிவுகள் வெளியாயின. ஒரு பணியாளர் தொடர்ந்து விசாரித்து, இரண்டையும் ஒன்றாகக் கவனித்த பிரிவில், மனமும் தேறி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறைந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம். எனவே சர்க்கரை மருத்துவரிடமே மனதையும் சொல்லுங்கள். பல வருடமாக மெட்பார்மின் போடுகிறீர்கள் என்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும். தைராய்டையும் பார்க்கலாம்.

இந்த வயதில் மூன்று மாதச் சர்க்கரை 6.5 இருக்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. 8 வரைகூட ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு உங்கள் 320-ஐவிட அந்த 'ஒன்றுமில்லை' நாட்கள்தான் பயம். ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மறந்து இரண்டு முறை போட்டுவிட்டால் இரவில் தனியாக மயங்கி விழுவீர்கள். அதனால் சாப்பாடு முதலில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறையாவது ஒருவர் கதவைத் தட்டுவார்.

அந்த எவர்சில்வர் மூடி வீட்டில் இருக்கும் அல்லவா? இன்று இரவு படுக்கும் முன் நாளைக் காலை மாத்திரையை அதில் எடுத்து வைத்து, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் மூடி காலியாக இருந்தால் போட்டுவிட்டீர்கள். மாத்திரை இருந்தால் போடவில்லை. நினைவை நம்ப வேண்டியதில்லை. உங்கள் மனைவி இத்தனை வருடம் செய்துவந்த வேலையை இனி உங்கள் கை செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் வையுங்கள். அவர் எப்படி வைப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைத்த பக்குவத்தை எனக்கு எழுதுங்கள். இந்த முறை உறையின் மேல் முகவரி மழையில் கரைந்துவிட்டது. தெருப் பெயரைக் கடிதத்துக்குள்ளும் எழுதினால் நான் நேராகப் பதில் போடுவேன்.